விமானப் படிக்கட்டில் ரொட்டி சாப்பிட்டவள்

அழகம்மா சுட்ட ரொட்டிக்கும் அவள் இடித்த கட்டச் சம்பலுக்கும் அரசாங்கம் செய்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஜீப்பில் வந்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியின் மூலையில் காய்ந்து ஒட்டியிருந்ததைச் சின்னக் கரண்டியால் சுரண்டி, உறையில் போட்டு, முத்திரை குத்தி, கொழும்புக்கு இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து முடிவு எழுதினார்கள்: வெங்காயம், காய்ந்த மிளகாய், மாசிக் கருவாடு, எலுமிச்சம் புளி, உப்பு. வெடிபொருள் எதுவும் இல்லை. அன்றைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல். அதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

அந்த ரொட்டியைச் சாப்பிட்டவள் அழகம்மாவின் மகள் பிரேமினி. சாப்பிட்டது குற்றமில்லை, சாப்பிட்ட இடம்தான் குற்றம். டன்கெல்லி விமான நிலையத்தில் நின்ற விமானத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ஆற அமரச் சாப்பிட்டாள். அதைத் தானே கைப்பேசியில் வீடியோ எடுத்து ஊர் உலகத்துக்குக் காட்டினாள். கையைக் கழுவக்கூட அவசரப்படவில்லை.

டன்கெல்லி என்பது நோட்டன் பிரிட்ஜிலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம். அழகம்மா அங்கே கொழுந்து பறிக்கிறாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை. தீபாவளிக்கு வருவார், தேர்தலுக்கு வருவார். பிரேமினி தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, நோட்டன் பிரிட்ஜுக்கு நடந்து போய்ப் படித்து, பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பு படிக்கப் போனவள். கெட்டிக்காரி. ஆனால் சின்ன வயதிலிருந்தே அவளிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. ஓட்டை இருந்தால் ஓட்டை என்று சொல்லிவிடுவாள்.

பள்ளிக்கூடக் காலத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயில் உண்டியலைப் பார்த்துவிட்டு, இந்தப் பூட்டைத் தலையில் குத்துகிற ஊசியால் திறந்துவிடலாம் என்று கோயில் கமிட்டிக்குச் சொன்னாள். திறந்தும் காட்டினாள். கமிட்டி கூடியது, வெகுநேரம் பேசியது. பூட்டை மாற்றவில்லை. பிரேமினி உண்டியலைத் தொட்டது தீட்டு என்று முடிவு செய்து, அழகம்மாவை அபராதமாகத் தேங்காய் உடைக்கச் சொன்னது. அடுத்த திருவிழாவில் உண்டியல் சுத்தமாகக் காலியானது. அதற்கும் பிரேமினியின் வாய்தான் காரணம் என்றார்கள். இந்த நாட்டை எப்படி நடத்துகிறார்கள் என்பதை அவள் பல்கலைக்கழகம் போய்த்தான் படிக்கவேண்டும் என்றில்லை.

பிறகு விமான நிலையம் வந்தது. லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டால் கையை விரித்தவர்கள், ஒன்பதாம் நம்பர் மலையில் இருந்த தேயிலையைப் பிடுங்கி எறிந்து, மலையை வழித்துச் சமமாக்கி, தார் ஊற்றினார்கள். மலை ஏற நல்லதண்ணிக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் வளைவுப் பாதையில் வாந்தி எடுக்காமல் வந்து இறங்கவேண்டுமாம். மந்திரி ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். எப்போதாவது ஒரு குட்டி விமானம் வரும். பனி இறங்கினால் அதுவும் வராது. வந்தது வராதது எப்படி இருந்தாலும், ஒரு விமானம் மட்டும் எப்போதும் அங்கேயே நிற்கும். அது பறந்ததைவிடப் போட்டோவுக்கு நின்றதுதான் அதிகம்.

அந்த நிலையத்துக்குப் பாதுகாப்புத் தலைமை அதிகாரி ஒருவர் இருந்தார். அவருடைய பேரைச் சொல்லி அவரைப் பெருமைப்படுத்த வேண்டியதில்லை. தங்க நூல் வைத்த தொப்பியைக் கழற்றவே மாட்டார் என்பதால் லயத்தில் அவருக்குத் தொப்பித்தொரை என்று பேர். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் பந்தயம் கட்டுவார்கள்.

தொப்பித்தொரை சுற்றிலும் முள்வேலி போட்டார். வேலி போட்டதும் ஒரு சிக்கல் வந்தது. மேற்பக்கத்து மலையில் பறிக்கிற கொழுந்தை, கீழ்ப்பக்கத்து ரோட்டு ஓரத்தில் உள்ள நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்குக் கொண்டுவந்து நிறுக்கவேண்டும். நடுவில் விமான நிலையம். சுற்றிப் போனால் இரண்டு மைல்கட்டை தூரம். அதற்குள் சாக்கில் அடைத்த கொழுந்து சூட்டில் வெந்துபோகும். வெந்த கொழுந்தைக் கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு. பெண்களுக்கு அரைப் பேர் விழுந்தால் தோட்டத்துத் தொரைக்குக் கவலையில்லை. கொழுந்து வீணானால் கவலை உண்டு. அவர் ஒரு வார்த்தை சொன்னார். வேலி போட்ட கொந்தராத்துக்காரன், மழைத்தண்ணி ஓடுகிற கான் குறுக்கிடும் இடத்தில் வேலியை முடிக்காமல் விட்டு, ஒரு தகரத்தைச் சாத்திவைத்தான்.

அன்றிலிருந்து கொழுந்து நிறுக்கிற நேரமெல்லாம் பெண்கள் தகரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். ஓடுபாதையின் ஓரமாக வரிசையாக நடந்து, விமானத்தின் வாலைச் சுற்றி, கீழ்க் கேட் வழியாக வெளியே போவார்கள். கேட்டில் நிற்கிற காவலாளி சுனில் திறந்துவிடுவார். வந்தவர் போனவர் விபரக் கொப்பியில் அந்த நேரத்துக்கு நேரே, யாரும் இல்லை என்று எழுதுவார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. கொழுந்து எடுக்கிற பெண்கள் போனார்கள். ஆள் யாரும் போகவில்லை. தொப்பித்தொரை தினமும் அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவார்.

பல்கலைக்கழக விடுமுறையில் பிரேமினி தொழிற்பயிற்சிக்கு இடம் தேடினாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறதே என்று, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு, முன் கேட்டுக்குப் போனாள். அங்கே சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். தலை ஊசியைக் கழற்றச் சொன்னார்கள். அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியை ஒரு குச்சியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். விலாசத்தைப் பார்த்ததும் தொப்பித்தொரை சிங்களத்தில் கேட்டார்.

"லயமா?"

"ஆமாம் சேர்."

"இங்கே கூட்டிப் பெருக்க ஆள் எடுத்து முடிந்துவிட்டதே."

"நான் பெருக்க வரவில்லை சேர். கணினிப் பாதுகாப்பு படிக்கிறேன்."

பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து அவர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள், மேலதிகாரி சிரித்தால் சிரிப்பதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம். பிரேமினியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோனார்கள். பகல் வரை இருந்துவிட்டு அவள் எழுந்து வந்தாள். குத்துப்பட்ட ரொட்டியை அவள் சாப்பிடவில்லை, நாய்க்குப் போட்டாள்.

மறுநாள் அழகம்மாவுக்கு இடுப்பு வலி. சாக்கை நான் தூக்கிவருகிறேன் என்று பிரேமினி மலைக்குப் போனாள். அம்மாவின் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, கொழுந்து மூட்டையோடு பெண்களின் வரிசையில் தகரத்தைத் தள்ளி நுழைந்தாள். முந்தின நாள் அவள் தலை ஊசியைக்கூடப் பிடுங்கிப் பார்த்த அதே ஆட்கள் அங்கே நின்றார்கள். ஒருவன் அவள் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டான். தொப்பித்தொரை போனில் பேசிக்கொண்டே அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார், ரோட்டில் வருகிற மாட்டுக்கு ஒதுங்குகிற மாதிரி. அவள் விமானத்தின் இறக்கையைக் கையால் தடவிக்கொண்டு போனாள். மேலே கம்பத்தில் கெமரா இருந்தது. அதன் வயர் பாதிக் கம்பத்தோடு சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது, அதற்குக் கீழே எங்கேயும் போகவில்லை.

சான்றிதழோடு போனால் சந்தேகம். சாக்கோடு போனால் கண்ணுக்கே தெரியவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

முதலில் அவள் ஒழுங்கு மரியாதையாகத்தான் செய்தாள். உங்கள் நிலையத்துக்குள் யாரும் நுழையலாம், விமானத்தைத் தொடலாம், கெமரா வேலை செய்யவில்லை, எப்படி என்று நேரில் வந்து சொல்கிறேன் என்று மூன்று மொழியிலும் தொப்பித்தொரைக்கு மின்னஞ்சல் போட்டாள். தகரத்தைப் பற்றி அதில் எழுதவில்லை. எழுதினால் அதை அடைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பெண்கள் இரண்டு கட்டை சுற்றவேண்டும். நேரில் பேசி, அங்கே ஒழுங்கான கேட் ஒன்று போடச்சொல்லவேண்டும் என்று நினைத்தாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். அதற்கும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ரொட்டி. படங்கைக் கட்டிக்கொண்டு போனாள், படிக்கட்டில் உட்கார்ந்தாள், சாப்பிட்டாள். எந்த வழியாக வந்தாள் என்பதை வீடியோவில் காட்டவில்லை. கடைசியில் கைப்பேசிக் கெமராவைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "முன் கேட்டுல என் ரொட்டியக் குச்சியால குத்துனாங்க. அதான் இங்க வந்து நிம்மதியா சாப்பிடுறேன். சேர், சம்பல் வேணுமா?"

இரண்டு நாளில் நாடே பார்த்துச் சிரித்தது. சிரிப்பு கொழும்புக்குப் போய், அங்கிருந்து கோபமாகத் திரும்பி வந்தது.

ஒரு தோட்டத்துப் பெண் சாக்கைக் கட்டிக்கொண்டு சும்மா நடந்து வந்தாள் என்று ஒத்துக்கொள்ள அவர்களால் முடியுமா? முடியாது. ஆகவே பிரேமினி ஒரே வாரத்தில் பெரிய ஆள் ஆனாள். உயர் பயிற்சி பெற்றவள் என்றார்கள். வெளிநாட்டு மென்பொருளால் கெமராக்களைக் குருடாக்கினாள் என்று தொப்பித்தொரை தொலைக்காட்சியில் சொன்னார், வயரே இல்லாத கெமராக்களை. விசேட கருவியால் வேலியை வெட்டியிருக்கிறாள் என்றார். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்போம் என்றார். பின்னால் இருந்தது அழகம்மாவின் ரொட்டிக்கல் ஒன்றுதான், அதையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பிரேமினியைக் கைது செய்து, பெரிய பெரிய சட்டத்தின் பேரெல்லாம் சொல்லி உள்ளே வைத்து, பிறகு பிணையில் விட்டார்கள். பல்கலைக்கழகம் தன் பங்குக்கு அவளுக்கு வகுப்புத் தடை போட்டது. விசாரணை முடியும்வரை வாசல்படி மிதிக்கக்கூடாதாம். அவளைப் பாராட்டி முகநூலில் எழுதிய விரிவுரையாளர் அன்று மாலையே அதை அழித்துவிட்டார்.

லயத்திலும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. பீலிக்கரைக்குப் போனால் பேச்சு நின்றது. வழியை அடைத்துவிடுவார்களோ என்று பெண்களுக்கு ஒரே பயம்.

ஒரு நாள் தோட்டத் தலைவர் செல்லசாமி வந்தார். தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் ஆள். தொழிலாளிக்காகத் தொரையிடம் பேசவேண்டியவர், வழக்கமாகத் தொரைக்காகத் தொழிலாளியிடம் பேசுவார். வெள்ளைச் சட்டைப் பையில் நாலு பேனா குத்தியிருப்பார். எதனாலும் எழுதி யாரும் பார்த்ததில்லை.

"எல்லாம் பேசி முடிச்சுட்டேன் அழகம்மா," என்றார். "கொழும்புலருந்து விசாரணைக் கமிட்டி வருது. பாப்பா வேலிய வெட்டித்தான் உள்ள வந்தேன், தெரியாமச் செஞ்சுட்டேன், மன்னிச்சிருங்கன்னு எழுதி ஒரு கையெழுத்து வச்சா போதும். கேஸ எடுத்துருவாங்க. படிக்கவும் விட்டுருவாங்க."

"வைக்காட்டி?" என்று பிரேமினி கேட்டாள்.

"வைக்காட்டி படிப்பு போச்சு. வழக்கு அது பாட்டுக்கு வருசக்கணக்கா இழுக்கும். நான் ஒன்னோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வேலிய நான் வெட்டலையே தலைவரே. தகரத்தத் தள்ளிக்கிட்டுத்தானே எல்லாரும் வர்றோம். ஒங்க பொஞ்சாதியும்தான் வர்றாங்க."

தலைவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த வார்த்தை தன் காதில் விழாதது மாதிரி நடந்து போனார்.

அவர் போனதும் அழகம்மா மகளிடம் கெஞ்சினாள். "கையெழுத்துத்தானே புள்ள. வச்சுட்டுப் போ. அந்த வழிய மட்டும் வாயத் தொறந்து சொல்லிறாத. சொல்லிப்புட்டா அடச்சிருவாங்க. சுத்திப் போறதுக்குள்ள கொழுந்து வெந்துரும், அரைப் பேரு போட்டுருவாங்க. லயத்துல அம்புட்டுப் பொம்பளைங்களும் ஒன்னயத்தான் மண்ணள்ளித் தூத்துவாளுக."

"அப்ப நான் பொய் சொல்லணும்?"

"அவுங்க எல்லாரும் சொல்றாங்கள்ல. நீயும் ஒண்ணு சொல்லு."

பிரேமினிக்கு அம்மா மேல் ஆத்திரம் பொங்கியது. அம்மாவின் இடுப்பில் சாக்குக்கயிறு போட்ட கறுப்புத் தழும்பைப் பார்த்ததும் ஆத்திரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. தன் பேரைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்கள் எல்லோரும் அதற்குத் தண்டனை அனுபவிக்கவேண்டும். சொல்லாவிட்டால், செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று காலம் பூராவும் எழுதிவைத்திருப்பார்கள். கடைசியில், சரி, வைக்கிறேன் என்றாள். அந்த ஒரு வார்த்தை சொல்லும்போது தன்னையே காறித் துப்பவேண்டும் போல இருந்தது அவளுக்கு.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். குற்றம் நடந்த இடத்தைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று கமிட்டித் தலைவர் சொல்லியிருந்தார். அவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ஓய்வு பெறுவதற்கு முன்னும் ஓய்வாகத்தான் இருந்தவர். தொப்பித்தொரை மேல்வேலிக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து, வெள்ளை விரிப்புப் போட்ட மேசை வைத்தார். அந்தத் தகரம் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் மூன்று மொழியில் நல்வரவு என்று அச்சடித்த பெரிய பதாகையைக் கட்டித் தொங்கவிட்டார். காரியம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

கமிட்டி போகிற வரைக்கும் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று தலைவர் செல்லசாமி பெண்களிடம் சொல்லிவைத்தார். காலையில் வந்து பத்து மணிக்கெல்லாம் போய்விடுவார்கள் என்றார். யாரிடம் போய் யார் நேரம் சொல்வது? கமிட்டித் தலைவர் வழியில் ஹோட்டல் ஹோட்டலாக நின்று சாப்பிட்டுவிட்டு, பகல் நெருங்கும்போது ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு இங்கேயும் கட்லட், கேக், தேத்தண்ணி.

வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் மூட்டையோடு காத்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. மடுவத்திலிருந்து லொறிக்காரன் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தான்.

கூடாரத்தில் பிரேமினியை நிற்கவைத்தே கேட்டார்கள். பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது.

"நீ எந்தக் கருவியால் வேலியை வெட்டினாய்?" என்றார் கமிட்டித் தலைவர்.

தொப்பித்தொரை எழுதி வைத்திருந்த தாளை மேசையில் தள்ளி, பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "எல்லாம் இதில் இருக்கிறது சேர். தங்கச்சி கையெழுத்து வைத்தால் முடிந்தது."

"வெட்டாமல் ஒரு ஈ காக்கைகூட உள்ளே வரமுடியாதா?" என்று கமிட்டித் தலைவர் அவரிடம் கேட்டார். கேட்கவேண்டுமே என்பதற்காகக் கேட்ட கேள்வி அது.

"முடியவே முடியாது சேர். இந்த வேலி போட்ட நாளிலிருந்து அனுமதி இல்லாத ஆள் ஒருவர் உள்ளே வந்ததில்லை. தினசரி எழுதி வைத்திருக்கிறோம்."

அந்த நேரத்தில் நல்வரவு உப்பியது. பதாகையின் அடியை ஒரு கை தூக்கியது. முதலில் ஒரு கொழுந்து மூட்டை வந்தது, அதற்குக் கீழே மீனம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் ராசம்மா. அதற்குப் பின்னால் ஒவ்வொருவராக, குனிந்து நிமிர்ந்து, கூடாரத்தையும் அதிகாரிகளையும் பார்க்காமல், முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வீரம் காட்டவேண்டும் என்று அவர்கள் வரவில்லை. அரைப் பேருக்குப் பயந்து வந்தார்கள். கமிட்டித் தலைவரின் நாற்காலி அவர்கள் நடக்கிற தடத்தின் மேலேயே போட்டிருந்தது. மூட்டை ஒன்று தோளில் உரசியதும் அவர் முகத்தைச் சுளித்து, தேத்தண்ணிக் கோப்பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். வரிசை அவர் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"ஆகவே," என்று அவர் பிரேமினியைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், "வேலியை வெட்டாமல் நீ வந்திருக்கவே முடியாது. கையெழுத்தை வை."

பிரேமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சேர்," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்போது உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் போனார்கள்?"

அவர் திரும்பிப் பார்த்தார். அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். "ஒருவரும் இல்லையே," என்றார். "கொழுந்துக்காரர்கள்தானே."

தொப்பித்தொரை சுனிலைக் கூப்பிட்டார். "அனுமதி இல்லாமல் ஆள் யாராவது வந்தார்களா?"

சுனில் கேட்டிலிருந்து ஓடிவந்து சல்யூட் அடித்தார். பெண்கள் அவர் பக்கத்தில்தான் போனார்கள். "இல்லை சேர். ஆள் யாரும் வரவில்லை."

வரிசையின் கடைசியில் வந்தவள் அழகம்மா. மற்றவர்கள் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு மேசையைத் தாண்டிப் போய்விட்டாள். சிங்களம் அவளுக்கு நன்றாகவே விளங்கும். கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். முதுகில் இருந்த மூட்டையை இறக்கி, கேக்குக்கும் கட்லட்டுக்கும் நடுவில், கையெழுத்துக்கு வைத்திருந்த தாளின் மேலேயே தொப்பென்று வைத்தாள். கோப்பை உருண்டது. வெள்ளை விரிப்பில் கொழுந்து கொட்டியது.

"அப்ப நான் யாருங்க?" என்று தமிழிலேயே கேட்டாள்.

தொப்பித்தொரை முகத்தில் ஈயாடவில்லை.

"தெனமும் இந்த வழியாத்தான் வர்றேன். இவளும் வர்றா, அவளும் வர்றா. எம்மக வேலிய வெட்டல. எங்க கூடத்தான் வந்தா. தகரம் அந்தா இருக்கு, போய்ப் பாருங்க. பொம்பளப் புள்ளயப் பொய்யெழுதி உள்ள தள்ளப் பாக்குறீங்களே, நீங்கெல்லாம் சோறுதான் திங்கிறீங்களா?"

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வழி போனது போனதுதான். மகளைப் பார்த்தாள். பிரேமினி சிரிப்பை நிறுத்திவிட்டு அழுதுகொண்டு நின்றாள். முன்னால் போன மீனம்மா மூட்டையோடு திரும்பி வந்து அழகம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். ராசம்மாவும் வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள், தலைவர் செல்லசாமியின் பொஞ்சாதியும் வந்தாள். லொறிக்காரன் ஹார்னைப் பிடித்த பிடியில் விடாமல் அடித்தான். ஒருத்தியும் அசையவில்லை. அன்றைக்கு அத்தனை கொழுந்தும் வெந்தது, அத்தனை பேருக்கும் அரைப் பேர் விழுந்தது.

வழக்கைக் கைவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டார்களா என்றால், அந்த வார்த்தை அவர்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. பல்கலைக்கழகம், கடும் எச்சரிக்கையோடு அனுமதிக்கிறோம் என்று பிரேமினியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எதற்கு எச்சரிக்கை என்று அவள் கேட்டாள், எல்லோரும் நாசூக்காக வேறு பேச்சுப் பேசினார்கள். நிலையத்தின் குறைபாட்டைக் கண்டுபிடித்ததற்காகத் தொப்பித்தொரைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கமிட்டியின் அறிக்கையில் அழகம்மாவின் பேர் இல்லை. "உள்ளூர் வட்டாரங்கள்" என்று ஒரு சொல் இருந்ததாம்.

தகரத்தை எடுத்துவிட்டுக் கல்லால் அடைத்தார்கள். கொஞ்ச நாள் பெண்கள் இரண்டு கட்டை சுற்றினார்கள், பிரேமினியை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கொழுந்து மூட்டை மூட்டையாக வெந்தது. தோட்டத்துத் தொரைக்கு நெஞ்சு வெந்தது. அவர் இன்னொரு வார்த்தை சொன்னார். அடைத்த கல்லை உடைத்து இரும்புக் கேட் போட்டார்கள். பக்கத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கொப்பி. சோதித்துப் பேர் எழுதித்தான் உள்ளே விடவேண்டும் என்று உத்தரவு. அந்த நாற்காலியில் சுனிலை உட்காரவைத்தார்கள்.

அடுத்த விடுமுறையில் பிரேமினி வந்தபோது அம்மாவோடு மலைக்குப் போனாள். நிறுக்கிற நேரத்துக்கு வரிசை கேட்டுக்கு வந்தது. சுனில் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கையை ஆட்டினார்.

"போங்க அக்கா, போங்க போங்க."

அழகம்மா போகவில்லை. மூட்டையை இறக்கி மேசையில் வைத்தாள்.

"தொறந்து பாருங்க."

"என்ன பாக்கிறது? கொழுந்துதானே."

"கொழுந்தா என்னான்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? தொறந்து பாருங்க."

பின்னால் வரிசை நின்றது. சுனில் பிரேமினியைப் பார்த்தார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் முடிச்சை அவிழ்த்து, கொழுந்துக்குள் கையை விட்டார். சாப்பாட்டுப் பெட்டி கையில் அகப்பட்டது.

"ரொட்டியும் சம்பலும்," என்றாள் அழகம்மா. "கொழும்புக்கு அனுப்புறதுன்னா இப்பவே அனுப்பிருங்க. இன்னிக்கு உப்பு சரியா இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். சுனிலும் சிரித்து, பெட்டியைத் திருப்பி வைத்து, கேட்டைக் காட்டினார். கீழே லொறி ஹார்ன் அடித்தது.

"எழுதலயே," என்றாள் அழகம்மா.

"என்ன எழுதிறது?"

"அழகம்மா வந்தான்னு எழுதுங்க."

அவர் பேனாவைத் தேடி எடுத்து எழுதி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கு நடுவிலேயே நின்றாள்.